ஒரு மூடியும் ஒரு செருகியும்: கணினி வலையின் சின்ன வரலாறு

இது கொஞ்சம் நீண்ட பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசிப் பகுதியை ஒரே ஒருவருக்காக எழுதியிருக்கிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் சென்னையில் டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறார். சுண்டுவிரல் அளவுள்ள ஓர் உலோகப் பொருளை என் கையில் வைத்தார். "இதுதான் சார் எஸ்எஃப்பி. பழுதானது, உங்களுக்குக் காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன். மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே இதை உருவிட்டு வேற செருகலாம். பக்கத்து லைன் எதுவும் நிக்காது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1999 ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முன் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

1973 மே மாதம் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் ஈதர்நெட் பற்றிய குறிப்பை எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார். 1983இல் தரநிலையாக வந்த ஈதர்நெட்டில், கட்டடம் முழுக்க விரல் தடிமனில் ஒரே ஒரு கேபிள் ஓடும். அதிகபட்ச நீளம் 500 மீட்டர். 2.5 மீட்டருக்கு ஒருமுறை அதில் அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் கவ்வியை மாட்டி, ஊசி உள்ளே இறங்கி நடுவிலுள்ள செப்பைத் தொடும்படி செய்வார்கள். இதற்கு ‘வேம்பயர் டேப்’ என்று பெயர். ரத்தக் காட்டேரி பல்லைப் பதிப்பது போல என்று வைத்தார்கள். அந்தக் கவ்வியிலிருந்து 15 பின் கொண்ட கனெக்டர் வழியாகக் கணினிக்குத் தனி கேபிள் வரும்.

அடுத்து மெல்லிய கேபிள் வந்தது. 185 மீட்டர், ஒரு துண்டில் 30 இணைப்புகள். திருகிப் பூட்டும் பிஎன்சி கனெக்டர் இதற்குத்தான். பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற இரண்டு பொறியாளர்களின் பெயர்கள் அந்த எழுத்துகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ‘டி’ வடிவத் துண்டு ஒன்று. வரிசையின் இரண்டு முனைகளிலும் சின்ன மூடி போன்ற ஒன்று, அதன் பெயர் டெர்மினேட்டர். உள்ளே 50 ஓம் மின்தடை இருக்கும்.

அந்த மூடி எதற்கு? தண்ணீர்த் தொட்டியில் கையால் தட்டிப் பாருங்கள். அலை சுவரில் மோதித் திரும்பி வரும். கேபிளில் போகும் சமிக்ஞையும் அப்படித்தான். முனையில் அதை உறிஞ்சிக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் திரும்பி வந்து மற்றவற்றோடு மோதும். ஒரு மூடி கழன்றால் மொத்த வலையும் படுத்துவிடும். திருவிழா சீரியல் பல்பில் ஒன்று போனால் சரம் முழுக்க அணைந்துபோகுமே, அதே கதை.

1990இல் இதற்கு விடிவு வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனி வயர், எல்லாம் நடுவில் ஒரு பெட்டிக்குப் போகும். ‘க்ளிக்’ என்று மாட்டும் ஆர்ஜே-45 செருகி இதோடுதான் பரவியது. ஒரு வயர் அறுந்தால் ஒருவருக்கு மட்டும்தான் தொல்லை.

வேகம் ஜிகாபிட்டைத் தொட்டதும் கண்ணாடி இழை முக்கியமாயிற்று. கட்டடத்துக்குள் ஒரு வகை லேசர், பல கிலோமீட்டர் தூரத்துக்கு வேறு வகை. லேசரைப் பெட்டியிலேயே நிரந்தரமாகப் பற்றவைத்தால், தூரத்துக்கு ஒரு பெட்டி வாங்க வேண்டும். லேசர் கெட்டால் பெட்டியையே கழற்ற வேண்டும். அதனால் மின்சாரத்தை ஒளியாக மாற்றும் பாகத்தைத் தனியே செருகும் துண்டாக்கினார்கள். முதலில் ஜிபிக், பிறகு அதைவிடச் சிறிய எஸ்எஃப்பி. போட்டி நிறுவனங்களே ஒன்றாக உட்கார்ந்து அளவுகளை ஒப்பந்தமாக எழுதி 2001இல் வெளியிட்டன. அகலம் 13.4 மில்லிமீட்டர், தொடுமுனைகள் 20. 2006இல் அதே உடலுக்குள் 10 ஜிகாபிட் வந்தது. இன்று அதன் அண்ணன்மார்கள் 400 ஜிகாபிட்டையும் தாண்டிவிட்டார்கள். ஆனால் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. செருகிக்குள் இருக்கும் நினைவகச் சில்லு தன்னைத் தயாரித்தவர் யார், வகை என்ன என்று சொல்லும். சில பெட்டிகள் அதைப் படித்துப் பார்த்து, வேறு தயாரிப்பு என்றால் ஏற்க மறுப்பதும் உண்டு.

ஓடும் இயந்திரத்தில் செருகினால் ஏன் கெடுவதில்லை? தொடுமுனைகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. முதலில் கிரவுண்ட் தொடும். அடுத்து மின்சாரம். கடைசியில்தான் தகவல் பேச ஆரம்பிக்கும். உருவும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும்.

இனி 1999. எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக ஐந்து பழைய கணினிகள் வந்தன. கணக்கு எடுப்பவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எல்லாம் மெல்லிய கேபிளில் இணைத்தவை. அதிகாரி பார்வைக்கு வரும் நாளன்று ஒன்றும் வேலை செய்யவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முந்தின நாள் கணினிகளின் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எதையும் தொடலை சார்" என்றான். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அந்த ஆண்டு முழுக்க கணினி அறைக்குள் விடவில்லை.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். பார்த்த உடனே, "கடைசியில இருந்த மூடி எங்க சார்?" என்றார். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டியபோது, வேண்டாத மூடி என்று நானே கழற்றி வைத்திருந்தேன்.

மாட்டியதும் எல்லாம் ஓடியது. அப்போதே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். "வாத்தியாரே தப்புப் பண்ணிட்டார்" என்று பிள்ளைகள் பேசுவார்களே என்ற வெட்கத்தில் சொல்லவில்லை. அவனும் அதன் பிறகு என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். நீ எதையும் தொடவில்லை, தொட்டது நான். அந்த மூடி எதற்கு என்று நானே தெரிந்துகொள்ளாமல் உன்னைத் தண்டித்தேன். என்னை மன்னித்துவிடு. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. அந்தச் சின்ன எஸ்எஃப்பியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். கணினிகளின் பின்னால் அன்று என்னதான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவில் பிழை இருந்தால், துறையில் இருக்கும் பிள்ளைகள் தயங்காமல் திருத்துங்கள்.