கணவன் கடனும் மனைவி உடைமையும்

இல்லறம் இருவர் ஒன்றுபட்டு நடத்துவது. ஆயினும், ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவர் பொறுப்பாவரோ என்னும் வினா எழுமிடத்து, அவ்வொற்றுமையின் எல்லையைச் சட்டமே வரையறுக்க வேண்டியதாகின்றது. இலங்கையின் சட்ட வரலாற்றில் இவ்வினாவிற்கு இருவேறு விடைகள் கூறப்பட்டன. ஒன்று ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-ஒல்லாந்தச் சட்டம் கூறியது. மற்றையது யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை கூறியது. இவற்றை ஒப்புநோக்குவார்க்கு, உடைமை செல்லும் வழியே கடனும் செல்லும் என்னும் உண்மை இனிது புலனாகும்.

உரோம-ஒல்லாந்தச் சட்டப்படி, திருமணத்துக்கு முன் வேறு உடன்படிக்கை செய்யாதார் இருவரின் சொத்துக்களும் மணத்தோடு ஒன்றாயின. சொத்து ஒன்றாகவே கடனும் ஒன்றாயிற்று. மணத்திற்கு முன் பட்ட கடனும் இதற்கு விலக்கன்று. பொதுச்சொத்தை ஆளும் அதிகாரமோ கணவன் ஒருவனுக்கே உரியது. மனைவி அவன் இசைவின்றிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. வீட்டுத் தேவைக்கு வாங்கிய பொருளும், அவள் வெளிப்படையாக நடத்திய வாணிகமும் மட்டுமே விலக்காயின. கணவன் இறந்தபின் கடனிற் பாதி கைம்பெண்மேற் சார்ந்தது. ஆதலின், ஒல்லாந்து நாட்டிலே, கடனினின்றும் விடுபட விரும்பிய கைம்பெண் வீட்டின் திறவுகோலைப் பாடைமேல் வைத்துவிட்டு, உடுத்த உடையோடு பிணத்தின் முன்னே வெளியேறும் வழக்கமொன்று இருந்தது. கூட்டுப் பொறுப்பின் கொடுமையை இவ்வழக்கம் ஒன்றே உணர்த்தும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இப்பொதுவுடைமையை ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், மணமான பெண்ணும் தனித்து நின்று ஒப்பந்தஞ் செய்து, அதற்குத் தானே பொறுப்பாகலாம் என விதித்தது. தேசவழமைக்குட்பட்ட தமிழர் இதனின்றும் விலக்கப்பட்டனர்.

தேசவழமையை ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் அளித்தார்; 1806இல் ஆங்கிலேயர் அதனை உறுதிசெய்தனர். அதன் சிறப்பு, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பகுத்தமையே. முதுசம் கணவன் வழி வந்தது. சீதனம் மனைவி கொணர்ந்தது. தேட்டம் இருவரும் இல்லற வாழ்விலே ஈட்டியது. தேட்டத்தைக் கணவன் விற்கவும் ஈடுவைக்கவும் கூடுமாதலின், அவன் வாணிகத்தின் இழப்பு மனைவியின் பங்கையும் தாக்கிற்று. சீதனமோ அவள் இசைவின்றி அவன் கைக்கு எட்டாததாயிற்று.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இப்பாதுகாப்பைத் தெளிவாக்கிற்று. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கணவன் புகையிலை வாணிகத்திற்காகப் பெற்ற கடனுக்கு மனைவியின் சீதனக் காணி பொறுப்பாகாது. அக்காணியைப் பயிரிடவோ திருத்தவோ பெற்ற கடனாயின் பொறுப்பாகும். பயன் பெற்ற பொருளே கடனையும் தாங்குக என்பது இதன் கருத்து. பின்னர் 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஒருவர் தம் தனிச்சொத்தைக் கொடுத்து வாங்கியது தேட்டமாகாது என வரையறுத்து, தனியுடைமையின் எல்லையை மேலும் விரித்தது.

எனினும், இக்காவலுக்கு ஒரு விலையும் இருந்தது. தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ மனைவிக்குக் கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவன் கைவிட்டுச் சென்றாலோ, காரணமின்றி இசைவு மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தை அவள் நாடலாம். கணவன் கடனினின்றும் அவள் காணியைக் காத்த சட்டமே, அக்காணியை ஆளும் உரிமையை அவளுக்கு முழுமையாக அளிக்கவில்லை.

பொறுப்பைப் பகிர்வது இல்லறத்திற்கு அழகே. ஆயின், ஆளும் உரிமை ஒருவரிடத்தும் கடனின் சுமை இருவரிடத்தும் இருப்பின் அது பகிர்வு ஆகாது. பொறுப்பும் உரிமையும் ஒருங்கே செல்லும் இடத்தேதான் நீதி நிலைபெறும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.