நிலைப்பொருள் ஓவியம்: வாழ்வு, சாவுக் குறியீடுகள்

நிலைப்பொருள் ஓவியம் என்பது பழம், பூ, பாத்திரம், புத்தகம் போன்றவற்றை மேசைமேல் அடுக்கிவைத்து வரைவது. ஓவியக் கல்லூரிகளில் ‘ஸ்டில் லைஃப்’ என்றே வழங்கும். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் லைடன், ஹார்லெம் நகரங்களில் இதன் ஒரு கிளையாக ‘வானிதாஸ்’ தழைத்தது. லத்தீனில் அதற்கு வெறுமை என்று பொருள். டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1630இல் தீட்டிய படத்தில் மண்டையோடு, கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, கடிகாரம், அணைந்த விளக்கு ஆகியவை உள்ளன. இவ்வகைப் படங்கள் சிலவற்றில் மண்டையோட்டைக் கோதுமைக் கதிர் சுற்றியிருக்கும். விதைத்தது மறுபடி முளைக்கும் என்ற நம்பிக்கை அது.

இதற்கு இணையை நம் பக்கம் தேடினால், தஞ்சாவூர் ஓவியத்தில் தெய்வம்தான் நடுநாயகம். வெண்ணெய்த் தாழியும் பழத்தட்டும் பக்கத்தில் நிற்பவை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) செடிகளையும் பறவைகளையும் வரையச் செய்தார். ஆனால் அவை இனம் அறிவதற்கான படங்கள். ஆகவே ஒப்பீட்டுக்குச் சட்டகத்தை விட்டுவிட்டு, திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் விரிக்கும் வாழையிலையைப் பார்ப்பதே பொருத்தம்.

ஆடி 18 அன்று அந்த இலையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வெல்லம் சேர்த்த காப்பரிசி, நாவற்பழம், வாழைப்பழம் எல்லாம் இருக்கும். காவிரியை மசக்கைக்காரியாகப் பாவித்து வைக்கும் படையல் இது. ஆடி அமாவாசையன்று அதே படிகளில் தர்ப்பணம் நடக்கும். கறுப்பு எள், தர்ப்பை, பச்சரிசி, வாழைக்காய். 2016இல் இரண்டும் ஆகஸ்ட் 2ஆம் தேதியிலேயே வந்தன. அரிசியும் வாழையும் இரண்டு இலைக்கும் பொது. வெல்லத்தின் இடத்தில் எள், பழத்தின் இடத்தில் காய், அவ்வளவே. டச்சு ஓவியர் சாவைச் சொல்லக் கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தைத் தேடினார். இங்கே கனிந்தது மங்கலம். பிதுர்க்களுக்குப் போவது காய். இந்தத் தலைகீழ்தான் ஒப்பீட்டில் மிகச் சுவையான இடம்.

மண்டையோட்டுக்கு இங்கே வேறு வேலை. திருவையாற்றை அடுத்த கண்டியூர், பிரமனின் ஐந்தாம் தலையைச் சிவன் கொய்த தலம். எட்டு வீரட்டங்களில் ஒன்று. அங்கே தலை விழுந்தது செருக்கு அடங்கியதன் அடையாளம். நிலையாமைப் பாடத்தை அதில் ஏற்றிச் சொல்வது வலிந்து சொல்வதாகும்.

கோதுமைக் கதிருக்கு நெருங்கிய உறவு சாவு வீட்டில் கிடைக்கிறது. பிணத்தின் தலைமாட்டில் ஒற்றை விளக்கும், மரக்கால் நிறைய நெல்லும் வைப்பார்கள். கல்யாண வீட்டிலும் நிறைமரக்கால் வைப்பார்கள்.

கவிழ்ந்த கோப்பைக்கு ஈடு கொள்ளிக்குடம். கல்யாணத்தில் மாவிலையும் தேங்காயும் சூடி நின்ற நிறைகுடத்தின் மறுபாதி இது. கிளாஸின் கோப்பை நாம் பார்க்கும்முன்பே காலியாகிவிட்டது; இந்தக் குடமோ கண்ணெதிரே காலியாகிறது. கொள்ளி வைப்பவர் தோளில் குடத்தோடு சிதையை மூன்று முறை சுற்றுவார். சுற்றுக்கு ஒன்றாக இன்னொருவர் அரிவாள் நுனியால் துளையிட, நீர் பீச்சி அவர் முதுகையும் மண்ணையும் நனைக்கும். மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும்.