படத்தின் ஓரத்தில் நிற்பவர் யார்?

கிராஞ்சிக்கு வருகிறவர்களில் பலர் போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகளும், 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய சுவர்களும் அங்கே உள்ளன. இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றில் ஏராளம். அருகிலேயே அரசு மயானம் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் 1970 நவம்பரில் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1960 நவம்பர் 12 அன்று, ஸ்டாம்ஃபோர்ட் சாலையின் சிவப்புச் செங்கல் நூலகத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. 1999-இல் வந்த நோட்டு வரிசை முழுவதும் அவர் முகம்தான் என்பதால் எந்தப் பழைய படத்திலும் அவரைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் அந்த நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டியவர், கிழிந்த முதுகைத் தைத்த பைண்டர், தமிழ் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கியவர், இவர்களையெல்லாம் யார் அடையாளம் காட்டுவது?

அந்த நூலகத்தின் முன்னோடியாக 1845-இல் திறந்த சிங்கப்பூர் நூலகம் சந்தா கட்டுகிறவர்களுக்கு உரியது. 1874-இல் அது ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமுமாக அரசின் கைக்கு வந்தது. அப்போதும் ஆங்கிலம் படித்தவர்களின் இடமாகவே இருந்தது. திருப்பத்தை உண்டாக்கியது ஒரு நன்கொடை. 1953-இல் வணிகர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களும் அதில் வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. தமிழ்ப் புத்தகங்கள் அரசு நூலகத்தில் இடம்பிடிக்க வழிவிட்ட இந்த நிபந்தனையைத் தமிழர்கள் இன்னும் சற்று உரக்கவே சொல்லலாம்.

1960-இல் ஹெட்விக் அனுவார் இயக்குநரானார். உள்ளூரில் வளர்ந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. பிறகு 1965 முதல் 1988 வரை அவரே தேசிய நூலகத்தை நடத்தினார். ஊர்ப்புறப் பிள்ளைகளைத் தேடி நடமாடும் நூலக வேன் கிளம்பியதும், 1970-இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை திறந்ததும் அவர் காலத்தில்தான்.

இதற்கெல்லாம் படங்கள் உண்டு. கலாசார அமைச்சின் புகைப்படக்காரர்கள் எடுத்தவை தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலான படங்களின் கீழ்க்குறிப்பு ஒரே வார்ப்பு: நிகழ்ச்சி, இடம், தேதி, சிறப்பு விருந்தினர். புகைப்படக்காரரைக் குறை சொல்ல முடியாது. அமைச்சரைப் படம் பிடிக்கத்தான் அவரை அனுப்பினார்கள். ஓரத்தில் கையில் புத்தகத்தோடு நிற்பவர் தற்செயலாகச் சட்டகத்துக்குள் வந்தவர்.

ஜப்பானியர் ஆட்சிக்காலக் கதையிலும் இதே குறைதான். அந்தக் காலத்தில் நூலகத்தைக் காப்பாற்றியவர்கள் என்று தாவரவியலாளர் கார்னர், பேராசிரியர் தனாகதாதே, தொகுகாவா பிரபு ஆகிய பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கைவிடப்பட்ட வீடுகளிலிருந்த புத்தகங்களையும் சேகரித்துக் கொண்டுவந்தார்கள். மூட்டை தூக்கிய கைகள் பெரிய மனிதர்களுடையவை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் நூலக ஊழியர்களைப் படத்தில் பதிவுசெய்வது வேறு மாதிரி நடந்தது. வெள்ளையரின் நூலகத்தில் கறுப்பினத்தவரை அனுமதிக்காத 1905-இல், வாடகை வீட்டில் அவர்களுக்கென ஒரு கிளை தொடங்கியது. 1908-இல் கார்னகி பணத்தில் சொந்தக் கட்டடம் எழுந்தது. தலைமை நூலகர் தாமஸ் ஃபவுண்டன் புளூ. ஊழியர்களும் கறுப்பினத்தவரே. பிற ஊர்களின் கறுப்பின நூலகர்கள் அவரிடம் வந்து தொழில் பயின்றார்கள். அவரும் ஊழியர்களும் எடுத்துக்கொண்ட குழுப்படங்கள் நூலகத்தின் ஆவணங்களில் இன்றும் இருக்கின்றன. விருந்தினர் வந்தார் என்பதற்காக எடுத்தவை அல்ல. நாங்கள் இங்கே வேலை செய்கிறோம் என்று சொல்பவை. கறுப்பின நூலகர்களின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அவை முதல்தரச் சான்று.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இந்த வேலை புதிதல்ல. 2015-இல், சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐம்பதாண்டுத் தமிழிலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து மின்னுருவாக்கினார்கள். அடுத்து நாடகம், நடனம், இசை என்று தொடர்ந்தார்கள். எழுத்தாளருக்கும் நடிகருக்கும் கிடைத்த அந்தக் கவனம், அவர்களைப் படிக்க வைத்த நூலக ஊழியருக்கும் கிடைக்க வேண்டும்.

வழி இருக்கிறது. விவரமில்லாத படங்களுக்குப் பொதுமக்களே குறிப்பு எழுதலாம் என்று ஆவணக் காப்பகம் 2015-இல் ஒரு திட்டம் தொடங்கியது. தேக்காவிலோ ஈசூனிலோ உங்கள் வீட்டு ஆல்பத்திலும் நூலகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெரியம்மாவோ தாத்தாவோ இருக்கலாம். படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயரையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா தடம் பதித்துப் படத்தைக் கெடுத்துவிடும். யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.