கேளாமலே கிடைத்த மருந்து

கதறிய பின்னரே மார்ஃபின் ஊசி என்பது மருத்துவமனைகளின் நெடுங்கால வழக்கம். முந்திக் கொடுத்தால் நோயாளி மருந்துக்கு அடிமையாவார் என அஞ்சினர். துன்பத்தைச் சிலுவையாக ஏற்கப் பழகிய நமக்கும் அது கொடுமையாகத் தோன்றியிராது. ஆயினும் திருத்தந்தை 12ஆம் பயஸ், 1957இல் மயக்கமருந்து மருத்துவர்களின் வினாவுக்கு விடையளிக்கையில், வேறு வழியில்லாதபோது ஆயுள் சற்றுக் குறையினும் வலிதணிக்கும் மருந்து தகுமென்றார்.

மறு ஆண்டு இலண்டன் ஹாக்னியில், அயர்லாந்துப் பிறரன்புச் சகோதரிகள் 1905இல் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லத்திற்கு மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் வந்தார். ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவர், முன்னாள் செவிலி. புனித லூக்கா இல்லத்தில் தாம் கண்டிருந்த முறையை இங்கே கொணர்ந்தார்: வலி திரும்புமுன்பே, நான்கு மணிக்கொருமுறை, மார்ஃபின் வகை மருந்து. யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் நிலையைக் குறித்துவைத்து ஆராய்ந்தார். அஞ்சிய அடிமைத்தனம் தலைதூக்கவில்லை. அளவை ஓயாது கூட்டவும் நேரவில்லை.

இறப்போர் இல்லத்தில் கண்ட இவ்வுண்மை பொது மருத்துவமனைகளை எளிதில் எட்டவில்லை. 1973இல் நியூயார்க்கில் மார்க்ஸ், சாக்கர் என்போர் வலிக்கு மருந்து பெற்றுவந்த 37 உள்நோயாளிகளை ஆராய்ந்தனர். 73 விழுக்காட்டினர் அப்போதும் வேதனையில் இருந்தனர். எழுதிக் கொடுத்த அளவே குறைவு; செவிலியர் கொடுத்தது அதனினும் குறைவு.