மட்டு: ஒரு குறியும் ஒரு சொல்லும்

பெங்களூரு நீலசந்திராவின் தமிழ் வீடுகளிலிருந்து பி.யு.சி. முதலாண்டுக்குச் செல்லும் பிள்ளைகள், இரு செங்குத்துக் கோடுகளுக்கிடையே நிற்கும் எக்ஸை ‘மாட் எக்ஸ்’ என்பர். ‘கழித்தல் குறியை நீக்கிவிடு’ என்பதே அதற்குப் பலர் மனத்தில் பதியும் விதி. |−3| என்றால் 3. தனி எண்ணுக்கு இவ்விதி போதும், வரைபடத்துக்குப் போதாது. ஒய் = |எக்ஸ் − 2| என்பதை வரையும்போது, ‘வி’ வடிவின் முனை 2-இல் அமையுமா, −2-இல் அமையுமா என்ற தடுமாற்றம் எழுகிறது. விதி நினைவில் நிற்க, பொருள் விடுபட்டதன் விளைவு இது.

அப்பொருள் சொல்லின் வரலாற்றிலேயே உள்ளது. ‘மாடுலஸ்’ என்பது, அளவைக் குறிக்கும் ‘மோடஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் குறுமை வடிவம். சிற்றளவு என்று பொருள்படும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்கன், கலப்பெண் ஒன்று ஆதிப்புள்ளியிலிருந்து நிற்கும் தொலைவுக்கு இப்பெயரின் பிரெஞ்சு வடிவை இட்டார். இரு கோட்டுக் குறியை வையர்ஸ்ட்ராஸ் 1841-இல் எழுதிய கட்டுரையில் கையாண்டார். அக்கட்டுரை அச்சேறியது 1894-இல்தான். கட்டத்தாளில் வரைபடம் வரைவது பள்ளிக் கணக்கில் இடம்பெற வேண்டுமென்று ஜான் பெரி கிளாஸ்கோவில் வற்புறுத்தியது 1901-இல். இன்று ஒரே பக்கத்தில் காணும் பெயரும் குறியும் படமும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தவை.

தமிழில் இயற்கணிதம் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரியான யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை, 1855-இலேயே ‘வீசகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். இரு கோட்டுக் குறி அன்று பள்ளி நூல்களை எட்டியிருக்கவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு ஏற்ற பெயர் ‘மட்டுச் சார்பு’.

மட்டு என்பது அளவு, எல்லை எனப் பொருள்படும் பழந்திராவிடச் சொல். ‘மட்டுப்படுத்து’, ‘மட்டக்கோல்’, கொத்தனார் கையிலிருக்கும் ‘ரசமட்டம்’ ஆகியவை இதன் சுற்றம். கன்னடத்து ‘மட்ட’ இதன் இனச்சொல். நீலசந்திராவின் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் இருமொழியிலும் கேட்பது. இலத்தீன் சொல்லுடன் இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது; பொருளொப்புமையோ ஐயத்துக்கு இடமற்றது.

அளவு என்று கொண்டால் |எக்ஸ் − 2| என்பது எண்கோட்டில் எக்ஸுக்கும் 2-க்கும் இடைப்பட்ட தொலைவு. 5 என்னும் எண் 2-க்கு வலப்புறம் மூன்றலகு தள்ளி நிற்கிறது. −1 இடப்புறம் மூன்றலகு தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் உயரம் 3. தொலைவு சுழியாவது 2-இல் மட்டுமே, முனை அங்கேதான். |எக்ஸ் + 2| எனில் −2-இலிருந்து அளக்கும் தொலைவு. முனை −2-க்கு நகர்கிறது. இடப்புறக் கதிரும் ஏன் மேலேறுகிறது என்பதும் இதனாலேயே விளங்கும்: எத்திசையில் விலகினாலும் தொலைவு கூடும்.

தமிழ்வழிப் பாடநூலைத் தொடாத அப்பிள்ளைக்கு ‘மாட்’ என்பது பொருளற்ற ஓரசையாகவே வந்து சேர்கிறது. அது குறிக்கும் அளவின் பெயரோ, அதே தெருவில் சுவர் எழுப்பும் கொத்தனாரின் வாயில் நாள்தோறும் புழங்குகிறது.