காபூல் சாலையில் ஒரு திரைப்படம்

நாளேட்டில் நாம் காலைக் காப்பியோடு படித்து மடித்து வைக்கும் நான்கு வரிப் போர்ச் செய்திக்குப் பின்னே, எவரோ ஒருவர் உயிரைப் பொருட்படுத்தாது கடந்து சென்ற வழியொன்று இருக்கிறது. அவ்வழியைத் திரையில் காட்ட முற்பட்ட இந்தியப் படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, கபீர் கான் இயக்கி 2006ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'காபூல் எக்ஸ்பிரஸ்' என்னும் இந்திப் படம். அதன் வரலாற்றுப் பின்னணியை ஈண்டுச் சிறிது காண்போம்.

ஆப்கானிய மண்ணுக்கும் இந்தியத் திரைக்கும் உள்ள உறவு பழையது. 1975இல் வெளியான 'தர்மாத்மா'வும், 1992இல் வெளியான 'குதா கவா'வும் அந்நாட்டில் படமாக்கப்பட்ட காட்சிகளைக் கொண்டவை. 1996 செப்டம்பரில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதும் திரையரங்குகள் மூடப்பட்டன. இசையும் தொலைக்காட்சியும் தடைசெய்யப்பட்டன. 'ஆப்கன் ஃபிலிம்' என்னும் அரசு நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் நாட்டுப் படச்சுருள்களைப் போலிச் சுவரொன்றின் பின்னே மறைத்துக் காத்தனர். படம் பார்ப்பதே குற்றமாகிய ஊரில் படத்தைக் காப்பாற்ற உயிரைத் தர முன்வந்தவர்கள் அவர்கள்.

2001 அக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்கா குண்டுவீச்சைத் தொடங்கிற்று. நவம்பர் 13ஆம் நாள் காபூல் தாலிபான்களின் கையை விட்டு நீங்கிற்று. உலகின் பல திசைகளிலிருந்தும் செய்தியாளர்கள் அந்நகரை நோக்கி விரைந்தனர். ஆட்சி விழுந்தது, ஆனால் வழி அமைதியடையவில்லை. நவம்பர் 19ஆம் நாள் ஜலாலாபாத்திலிருந்து காபூலுக்குச் செல்லும் சாலையில் செய்தியாளர் நால்வர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியர், ஒருவர் ஸ்பானியர், ஒருவர் இத்தாலியப் பெண்மணி, ஒருவர் ஆப்கானியர்.

இந்தச் சூழலே படத்தின் களம். ஆவணப்பட இயக்குநராக இருந்த கபீர் கான், ஆப்கானிஸ்தானத்தில் தாம் நேரிற் கண்டவற்றைக் கொண்டு இக்கதையை அமைத்தார். தாலிபான் ஒருவரைப் பேட்டி காண வந்த இந்தியச் செய்தியாளர் இருவர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆப்கானிய ஓட்டுநர் கைபர். அமெரிக்கப் புகைப்படச் செய்தியாளர் ஒருத்தி. துப்பாக்கி முனையில் இவர்களின் ஜீப்பைக் கைப்பற்றி எல்லைக்கு ஓட்டச் சொல்லும் பாகிஸ்தானியர் ஒருவர். ஏறத்தாழ 48 மணி நேரம் இவர்கள் ஒரே வண்டியில் அடைபட்டுக் கிடக்கின்றனர். கபில்தேவ் சிறந்தவரா, இம்ரான் கான் சிறந்தவரா என்று வாதிடுகின்றனர். பகைவன் என எண்ணியவனுக்கும் ஒரு மகள் உண்டு என்பது வழியிலே தெரியவருகிறது. போருக்கு அனுப்பிய நாடே அவனைத் தன்னவன் என ஏற்க மறுப்பதே முடிவில் எஞ்சும் சோகம்.

இந்திய நடிகர்களுடன் பாகிஸ்தானியரான சல்மான் ஷாஹித், ஆப்கானியரான ஹனீஃப் ஹம்கும் ஆகியோரும் நடித்தனர். கொலை மிரட்டல்களுக்கு இடையே, ஆயுதம் தாங்கிய காவலுடன் ஆப்கானிஸ்தானத்திலேயே படப்பிடிப்பு நடந்தது. 54ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருதை ஒரு மலையாளப் படத்துடன் இது பகிர்ந்துகொண்டது.

எனினும் புகழ்மாலை முழுமையானதன்று. படத்தில் ஹஸாரா இனத்தாரை இழித்துரைக்கும் சொற்கள் இடம்பெற்றன. 1998இல் மஸார்-ஏ-ஷெரீஃபில் பெருங்கொலைக்கு ஆளான மக்கள் அவர்கள்; 2001 மார்ச்சில் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட பாமியான், அவர்கள் பெரிதும் வாழும் பகுதி. புண்பட்ட அம்மக்கள் வெகுண்டனர். ஆப்கானிய அரசு படத்தைத் தடைசெய்தது. கதைமாந்தன் பேசிய பேச்சு அது என்று கலைஞன் கூறலாம். ஆயினும் திரையில் ஒரு முறை ஒலித்த சொல், ஓர் இனத்தின் மீது நெடுநாள் ஒட்டிக்கொள்ளும். பிறமொழி பேசுவோரிடையே வாழ்ந்து, திரையில் தென்னாட்டவர் அனைவரும் ஒரே வேடிக்கை உருவாகத் தீட்டப்படுவதைக் கண்டிருக்கும் நமக்கு, அம்மக்களின் மனவருத்தம் விளங்காமற் போகாது. இரண்டு நாள் தங்குபவர் எழுதிவிட்டுப் போகிறார். எழுதப்பட்டவர் அங்கேயே வாழ்கிறார்.

இக்கதை வரலாற்றில் முற்றுப்பெறவில்லை. 2021 ஜூலை 16ஆம் நாள், புலிட்சர் பரிசு பெற்ற இந்தியப் புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திக்கி, எல்லை ஊராகிய ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். ஒரு திங்கள் கழிந்து, ஆகஸ்டு 15ஆம் நாள், காபூல் மீண்டும் தாலிபான்கள் வசமாயிற்று. வெளிநாட்டுச் செய்தியாளருக்கு வண்டி ஓட்டியும் மொழிபெயர்த்தும் துணைநின்ற ஆப்கானியர் பலர், அத்துணையே குற்றமாகக் கருதப்படுமோ என்று அஞ்சி ஒளிந்து வாழவும் நாட்டைவிட்டு ஓடவும் நேர்ந்தது.

இன்று இப்படத்தை மீண்டும் காண்போர், முன் இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டும் கைபரையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். மற்றவர்க்கெல்லாம் திரும்பிச் செல்ல வேறு நாடு உண்டு. அவனுக்கு அந்தச் சாலை ஒன்றே நாடு.