எண்கோண முத்திரை

ஒரு பொருளை ஆக்கியோன் அதனின்றும் விலக்கப்பட்ட பின்னர், அப்பொருள் உலகப் புகழ் எய்துவதுண்டு. எம். ஜி. என்னும் ஆங்கிலத் திறந்த மோட்டார் வண்டியின் வரலாறு அத்தகையது.

ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மோரிஸ் என்பாருக்கு உரியதாயிருந்த 'மோரிஸ் கராஜஸ்' நிலையத்தின் முதலெழுத்துக்களே எம். ஜி. என்பன. 1922ஆம் ஆண்டில் அதன் முகாமையாளரான செசில் கிம்பர், மோரிஸின் சாதாரண வண்டிகளுக்கு அழகிய மேலுடல் அமைத்து விற்கலானார். விரைவோட்ட வண்டி செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் அது. 1928இல் இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் தோன்றிய 'மிட்ஜெட்' அந்நிலையை மாற்றிற்று. மலிவான மோரிஸ் மைனரின் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் கொண்ட அச்சிறு வண்டியின் விலை 175 பவுணே. வாங்குவோர் பெருகவே, ஆபிங்டன் என்னும் சிற்றூரில் தனித் தொழிற்சாலை எழுந்தது.

1935இல் மோரிஸ் தமது தனியுடைமையாயிருந்த எம். ஜி.யைத் தமது பெருங் கம்பெனியுடன் சேர்த்தார். பந்தயப் பிரிவு மூடப்பட்டது. கிம்பரின் அதிகாரமும் குறுகிற்று. 1941இல், போர்க்கால வேலையொன்றை மேலிடத்தின் இசைவின்றி ஏற்றார் என்று அவர் நீக்கப்பட்டார். 1945 பெப்ரவரி 4ஆந் திகதி இலண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் நிகழ்ந்த புகையிரத விபத்தில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே 'ரி. சி.' வண்டி வெளிவந்தது. போரினால் நலிந்த பிரித்தானியாவுக்கு அந்நியச் செலாவணி இன்றியமையாததாயிருந்தது. ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கும் முதலிற் கிடைத்தது. வீதியின் வலப்புறத்தே வண்டி செலுத்தும் அமெரிக்கருக்கு ஏற்றவாறு சுக்கானும் இடம் மாற்றப்படவில்லை. இருந்தும் அவர்கள் அதனை விரும்பி வாங்கினர். ஆக்கப்பட்ட சுமார் 10,000 வண்டிகளுள் ஏறத்தாழ 2,000 அந்நாட்டிற்குச் சென்றன. பின்வந்த வண்டிகளுக்கு அந்நாடே தலைமைச் சந்தையாயிற்று. 1962இல் தோன்றிய 'எம். ஜி. பி.' ஐந்து இலட்சத்தையும் கடந்தது.

ஆயினும், பிற நாட்டுச் சந்தையை நம்பிய தொழில் அந்நாட்டின் சட்டத்துக்கும் நாணயத்துக்கும் கட்டுப்பட்டதன்றோ? அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இல் வண்டியின் உயரம் கூட்டப்பட்டது. ஓட்டத்தின் செம்மை குன்றிற்று. பவுணின் மதிப்பு உயர, ஏற்றுமதி நட்டமாயிற்று. 1979 செப்டெம்பரில் ஆபிங்டன் ஊர் தொழிற்சாலையின் பொன்விழாவைக் கொண்டாடி முடித்த கையோடு, அதனை மூடும் அறிவித்தல் வந்தது. 1980 ஒக்டோபரில் கடைசி வண்டி வெளியேறிற்று.

அந்த எண்கோண முத்திரை இன்று சீன நிறுவனமொன்றின் உடைமை. முத்திரை கைமாறலாம், அதற்குப் பெருமை தேடித் தந்த கைத்திறன் ஆபிங்டன் தொழிலாளருக்கே உரியது.